திரி பிடிக்காத வீடு

மாரப்பன் முதல் குச்சியைக் கிழித்தபோது ஹாலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மருந்து முனை சீறியது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. மரத்துக்கு இறங்குவதற்குள் செத்துப்போனது. குத்துவிளக்கின் திரி எண்ணெயில் ஊறிக்கொண்டு அப்படியே கிடந்தது.

இன்னொரு குச்சி கிழித்தார். அதுவும் அப்படித்தான். பிறகு இன்னொன்று.

"தீப்பெட்டி நமுத்துப் போச்சாட்டம் இருக்குது" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நமுக்கலைங்கப்பா" என்றான் அவர் மகன் தரணிதரன். "எந்தத் தீப்பெட்டி கொண்டாந்தாலும் இந்த வீட்ல பத்தாதுங்க. அதுக்குத்தான இத்தனை பாடுபட்டு இங்க வந்தது."

கோயம்புத்தூரின் வடக்கு ஓரத்தில் புதிதாக எழுந்திருந்த மென்காற்றுக் கோபுரம் அது. பதினோராம் மாடியில் அவர்களுக்கு வீடு. அன்றுதான் பால் காய்ச்சினார்கள். பால் மின்னடுப்பில் பொங்கி வழிந்தது. தரணியின் மனைவி சங்கவி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று, பொங்கிய பாலைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு மட்டும் ஏற்ற முடியவில்லை.

"காத்துல நூத்துக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் இருக்குதுங்கப்பா. இங்க அதைப் பதினஞ்சாக் கொறைச்சுருக்கறாங்க. மனுசனுக்கு அது போதும். நெருப்புக்குப் போதாது. வயர் பொசுங்குனாலும், பேட்டரி வெடிச்சாலும், பக்கத்துல இருக்கறதுக்குத் தாவறதுக்குள்ள மூச்சு முட்டி செத்துரும்."

"எனக்கும்தான் முட்டுது. படியேறி வந்தவனாட்டம் நெஞ்சு அடிச்சுக்குது."

"நாலு நாள் போனாப் பழகிரும். தொட்டபெட்டா உச்சில நிக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க."

"தொட்டபெட்டாவுல எவன்டா குடியிருக்கறான்? போட்டோ புடிச்சுட்டு எறங்கிருவானுக." மாரப்பன் தீப்பெட்டியை உலுக்கிப் பார்த்தார். "அங்கயும் டீக்கடைல அடுப்பு எரியுதே?"

"அங்க காத்தே மெலிசுங்கப்பா, பங்கு மாறலை. இங்க பங்கையே மாத்திட்டாங்க. நெருப்புக்குப் பங்குதான் கணக்கு."

மாரப்பன் தீப்பெட்டியை மடியில் செருகினார். அவர் பார்வை சுவருக்குப் போயிருந்தது. அங்கே அவர் மனைவி பழனாத்தாளின் படம் இருந்தது. படத்தின் கீழே, சுடர்போல் துடிக்கும்படி செய்த சின்ன மின்விளக்கு ஒன்று எரிந்தது. முந்தைய வருடம், சரவணம்பட்டி வாடகை வீட்டின் ஹாலில், சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி வெடித்து எரிந்ததில் அவள் போனாள். புகை கலைந்தபின் அந்த வீட்டிலிருந்து முழுதாக எடுக்க முடிந்தது அவளுடைய இரும்பு தோசைக்கல் ஒன்றைத்தான். அதில்தான் சங்கவி இப்போதும் தோசை வார்க்கிறாள்.

"கரண்டுதானடா அவளைக் கொன்னது" என்றார் மாரப்பன். "அதையே கொண்டாந்து அவ படத்துக்கு முன்னால எரிய விட்டுருக்கறயே."

சோமனூருக்கு அவர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். மீதிக் குச்சிகளோடு தீப்பெட்டி மடியில் இருந்தது. கீழே வாசலைத் தாண்டியதும் பீடி பற்றவைத்து, நாலு இழுப்பு இழுத்து, மேலே அண்ணாந்து பதினோராம் மாடி எதுவென்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார் என்று காவலாளி பிற்பாடு சொன்னான்.

தரணிக்கு அந்த வீடு தேவைப்பட்டது. அம்மா போனபின் அவன் எந்த அறையிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை. விரல் நுனியால் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்ப்பான், சூடேறியிருக்கிறதா என்று. உறவுக்காரர் கல்யாணத்தில் ஓமகுண்டத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. கம்ப்யூட்டர் சூடாகும் வாசம் வந்தால் கையை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்பான்.

மென்காற்றில் அந்தப் பயம் அடங்கியது. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் தெரியவில்லை. தூக்கம் நூல்போல் அறுந்து அறுந்து வந்தது. உட்கார்ந்தால் எழச் சொன்னது, எழுந்தால் எதற்கு என்று கேட்டது. அந்தக் கோபுரத்தில் யாரும் நீளமாகப் பேசுவதில்லை என்பதை அவன் மெல்ல மெல்லத்தான் கவனித்தான். லிஃப்டில் பார்ப்பவர்கள் சிரித்ததோடு சரி. எந்த வீட்டிலிருந்தும் பாட்டுச் சத்தம் கேட்டதில்லை.

அவர்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பேபியைக் காவலாளிகள் ஒரு நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விரலில் கிளிப் மாட்டி ரத்தத்தைப் பார்ப்பது அங்கே வழக்கம். ரத்தம் கம்மியாக இருந்தால் மேலே மயங்கி விழுந்துவிடுவார்கள். அன்றைக்கு அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் வேலைக்கு வந்த பெண்கள்தான்.

"ரத்தம் இல்லாதவளை வேலைக்கு வெக்க மாட்டாங்களாக்கா?" என்று பேபி போனில் சங்கவியிடம் கேட்டாள். "வேலையில்லாம எங்க போயி ரத்தம் ஊற வெக்கறது?"

சங்கவி அதைத் தரணியிடம் சொன்னாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் தோன்றியது. அவர்களுக்கிடையில் அப்படிச் சொல்லாமல் விட்டவை நிறையச் சேர்ந்திருந்தன. சங்கவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வந்ததும் மேலே ஏற மாட்டாள். காம்பவுண்டுக்குள் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் கீழே பையைத் தோளில் மாட்டியபடி வெகுநேரம் நிற்பாள். ஜன்னல் கண்ணாடி வழியாகத் தரணி அதைப் பார்ப்பான். மேலே வந்தபின், "பஸ் லேட்டு" என்பாள். அவனும் தலையாட்டுவான்.

குழந்தை நறுமுகை வளர்ந்தாள். மெலிந்த, அமைதியான பெண். விளையாட்டு நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். ஒரு நாள் படப் புத்தகத்தில் அடுப்பைக் காட்டிக் கேட்டாள்.

"நெருப்புன்னா என்னப்பா? சூடா இருக்கற வெளிச்சமா?"

"அது ரொம்பக் கெட்டது, சாமி" என்றான் தரணி.

மாரப்பனின் நுரையீரல் கெட்டுப்போய் வெகுகாலமாகியிருந்தது. ஆயுசு முழுக்க விசைத்தறிப் பஞ்சைச் சுவாசித்தவர், மேற்கொண்டு பீடி. சோமனூரில் தனியாக இருந்தவர் ஒரு நாள் குளியலறையில் விழுந்துகிடந்தார். இனி ஆள் கூடவே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நாம வெளிய போயிரலாங்க" என்றாள் சங்கவி. "சாதாரண வீடாப் பாக்கலாம். மாமா நம்ம கூட இருக்கட்டும். இவளும் நாலு புள்ளைகளாட்டம் ஓடியாடட்டும்."

தரணியின் விரல்கள் மேஜையின் அடியில் பிளக்கைத் தேடிப் போயின. அவள் அதைப் பார்த்தாள். அந்த மௌனம் சாப்பாட்டுக்குப் பிறகும் தீரவில்லை, விளக்கணைத்த பிறகும் தீரவில்லை. விடிந்தபோது அவன் சொன்னான்:

"ஒரு ரூமை மட்டும் முழுக்காத்து ரூமா மாத்தித் தர்றாங்களாமா."

அதை மாற்ற, கோபுரத்தைக் கட்டிய கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கதவு ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, கூரையில் காற்றுவழி வைத்து, சுவரில் ஒரு சின்னப் பலகையைப் பொருத்தினார். தன் வேலையில் சந்தோஷமுள்ள மனிதர். வேலை பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தக் கோபுரத்துலயே நெருப்புப் பத்தக்கூடிய எடம் இனி இந்த ரூம் ஒண்ணுதாங்க. அதனால ஒண்ணு கேக்கோணும். இங்க தீயி கீயி தெரிஞ்சா முழுக்காத்தை நிறுத்திட்டு மென்காத்தை அடிச்சு விடச் சொல்லலாமுங்களா? இல்லை, மணியடிச்சு உங்களுக்குச் சொன்னாப் போதுமா?"

"அடிச்சு விட்டா?"

"பொட்டுனு அணைஞ்சுரும். அப்பறமேலும் ஒரு மணி நேரத்துக்கு முழுக்காத்தை விடாதுங்க. உள்ளுக்குள்ள கனிஞ்சு கெடந்தா மறுபடி புடிச்சுக்கும் பாருங்க."

"அணைக்கறதே இருக்கட்டும்" என்றான் தரணி.

அவர் ஒரு நிமிடம் தயங்கினார். "பெரியவருக்குன்னுதான ரூமு..." என்று இழுத்தார். "சரிங்க, தீயி எங்க வரப் போவுது. வந்தாத்தான." பலகையில் எதையோ அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

தரணி அதைச் சங்கவியிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. சொல்வதானால் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மாரப்பனைக் கம்பெனிக்காரர்களே முகத்தில் காற்றுப்பை வைத்து லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கோபுரத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. ஆக, அந்த அறைக்குள் வந்தவர் அறையை விட்டு வெளியே போக வழியில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டயாடா என்னைய?"

"இல்லைங்கப்பா. உங்களுக்காகத்தான்..."

"தெரியுது, தெரியுது. சோறாச்சும் உள்ள வருமா, இல்லை குழாய்ல அடிச்சு விடுவயா?"

எதிர்பாராதது ஒன்று நடந்தது. வீடு அந்த அறையைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. சங்கவி துணி மடிக்க அங்கே போனாள், காய் நறுக்க அங்கே போனாள், விடைத்தாள் திருத்த அங்கே போனாள். புங்கமரத்தடியில் நிற்கும் நேரம் மட்டும் குறையவில்லை. நறுமுகை பள்ளி விட்டு வந்ததும் நேராகத் தாத்தாவிடம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து அவள் குதிக்கும் சத்தம் கேட்கும். தன் மகள் குதிப்பாள் என்று தரணிக்கு அதுவரை தெரியாது.

"தாத்தா ரூமுக்குப் போனா மட்டும் காலு ஓடச் சொல்லுதுப்பா" என்றாள்.

அவனுக்கும் அங்கே போனால் தலையை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்றது. ஆனால் அவனால் அங்கே இருக்க முடியவில்லை. நெருப்புப் பற்றக்கூடிய அறை. உள்ளே போனதும் பிளக்குகளைத் தொட்டான். மின்விசிறியின் மண்டையைத் தொட்டான். மாரப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதைத் தேடற?"

"ஒண்ணுமில்லைங்கப்பா."

"கெடைச்சாச் சொல்லு."

பழனாத்தாளின் தெவசம் வந்தது. ஒவ்வொரு வருடமும் மாரப்பன் சோமனூர் வீட்டு வாசலில் அவளுக்கு ஓர் அகல் ஏற்றுவார். வேறு சடங்கொன்றும் அவருக்குத் தெரியாது. இருட்டிய பிறகு விளக்கு வைக்கக்கூடாது, வெளிச்சமும் இருட்டும் சேர்கிற நேரத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் வைத்துக்கொண்ட விதி.

"சாயங்காலம் ஒரு அகல் வெக்கோணும்" என்றார் காலையில்.

"இங்க வேண்டாங்கப்பா. கீழ கேட்டுக்கு வெளியில வெச்சுட்டு வந்தர்றனுங்க."

"நீ வெப்பயா?"

அம்மா போனபின் தரணி தீப்பெட்டியைக் கையில் எடுத்ததே இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

"சங்கவிகிட்டச் சொல்றனுங்க. வந்ததும் வெச்சுருவா."

"அந்தம்மணி மரத்தடியில நின்னு மூச்சு வாங்கிட்டு வாரதுக்குள்ள இருட்டிக் கெடக்கும்" என்றார் மாரப்பன். அவருக்கும் தெரிந்திருந்தது. "சரி போ. உன்ற வேலையைப் பாரு."

இந்த அறையில் விளக்கேற்றினால் என்ன ஆகும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். கதவருகில் நின்றான். வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. "மத்தியானம் மாத்திரை போட்டுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். ரப்பர் பட்டை சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் ஹாலில் ஒரு பம்பின் உள்பாகத்தை வரைந்துகொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகிக்கொண்டிருந்தது. நறுமுகை தாத்தாவின் அறைக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது. குதிக்கும் சத்தம் இல்லை.

சுவர் பேசியது.

"நோயாளர் அறையில் நெருப்பு கண்டறியப்பட்டது. முழுக்காற்று நிறுத்தப்பட்டது. மென்காற்று செலுத்தப்படுகிறது. பயப்பட வேண்டாம்."

நிதானமான பெண்குரல். இத்தனை வருடமும் அவன் எதிர்பார்த்திருந்த வார்த்தைகள் அவை. முதலில் வந்தது நிம்மதிதான். அணைந்துவிடும், அணைந்துவிடும் என்று உடம்பு தளர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்தபடி ஒரு மூச்சு அப்படியே உட்கார்ந்திருந்தான். எந்த அறை என்று குரல் சொன்னது அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது.

கதவைத் திறந்தபோது கூரையின் காற்றுவழி உரக்கச் சீறிக்கொண்டிருந்தது. மருந்து வைக்கும் ஸ்டூலின் மேல், மாரப்பன் சோமனூரிலிருந்து கொண்டுவந்திருந்த அகல். அதன் பின்னால், மாத்திரைப் புட்டியில் சாய்த்து வைத்த பழனாத்தாளின் சின்னப் படம். நறுமுகை ஸ்டூலின் விளிம்பில் முகவாயை ஊன்றி மண்டியிட்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

"அப்பா, இதுக்கு உசுரு இருக்குதுப்பா" என்றாள்.

அவன் பாய்ந்து அவளைத் தோளைப் பற்றி இழுத்துச் சுவரோரம் தள்ளினான். அவள் கையைப் புரட்டிப் பார்த்தான், முடியைத் தொட்டுப் பார்த்தான். அகலின் சுடர் சிறுத்து, நீலமாகி, திரியை விட்டு எழும்பி நின்று, இல்லாமல் போயிற்று. ஒரு புகைக்கோடு மட்டும் மேலே போனது.

"அப்பா, தாத்தாவைப் பாருங்க."

மாரப்பன் கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது, ஆனால் எதுவும் உள்ளே போவதாகத் தெரியவில்லை. உதடு நீலமாகியிருந்தது. மகனைப் பார்த்து ஏதோ கேட்க முயன்றார். சத்தம் வரவில்லை.

"நெருப்பு அணைக்கப்பட்டது" என்றது சுவர். "மறுபடி பற்றாமலிருக்க மென்காற்று ஒரு மணி நேரம் தொடரும்."

தரணி சுவர்ப்பலகையை அழுத்தினான். உள்ளங்கையால் அறைந்தான்.

"நிறுத்து! முழுக்காத்தை விடு!"

"இந்த ஏற்பாடு வீட்டு உரிமையாளரின் தேர்வு. தொடரும் நேரத்தில் மாற்ற இயலாது."

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். எங்கே? ஹாலில் மென்காற்று, வெளி நடையில் மென்காற்று, லிஃப்டிலும் அதேதான். பதினோரு மாடி இறங்கும்வரை இந்த நெஞ்சு தாங்காது. போனை எடுத்தான். விரல் தானாகச் சங்கவிக்குப் போட்டது.

"எங்க இருக்கற?"

"கீழதான், மரத்தடியில..." அவன் குரலைக் கேட்டு நிறுத்தினாள். "என்ன ஆச்சுங்க?"

"அப்பா ரூம்ல காத்து நின்னுருச்சு. மூச்சு விட முடியலை அவருக்கு. நான்தான் சங்கவி, நான்தான் அப்படி வெக்கச் சொன்னேன்..."

"ஜன்னலை ஒடைங்க."

"சீல் பண்ணிருக்குது. ரெட்டைக் கண்ணாடி..."

"ஒடைங்கன்னு சொல்றேன்!" இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. "ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு நான் வாரேன். போனை வெச்சராதீங்க!"

சமையலறைக்கு ஓடினான். கைக்கு முதலில் அகப்பட்டது தோசைக்கல். அதன் கனத்தை அவன் மறந்திருந்தான். திரும்பி ஓடிவந்து, நறுமுகையைக் கட்டிலின் மறுபக்கம் போகச் சொல்லிவிட்டு, கல்லின் விளிம்பால் கண்ணாடியின் மூலையில் அடித்தான். கை அதிர்ந்தது. மறுபடி அடித்தான். உள்கண்ணாடி சர்க்கரைபோல் உதிர்ந்தது. வெளிக்கண்ணாடி நாலு அடி வாங்கியது. பிறகு அதுவும் முழுசாக உடைந்து, வெளியே ஏசி வைக்கும் திட்டில் கொட்டியது.

காற்று வந்தது. எங்கோ குப்பை எரிக்கிற வாசமும், பஸ் ஹாரனும், மழைக்கு முந்திய ஈரமும் சேர்ந்து வந்தன. கோபுரம் முழுக்க அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது.

"காற்றுக் கசிவு" என்றது சுவர். "காற்றுக் கசிவு."

மாரப்பன் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தோள்கள் இப்போது ஏறவில்லை, ஏறுவதற்கு மறந்துபோனவை மாதிரி எப்போதாவது அசைந்தன. கட்டிலுக்கு நேர் மேலே காற்றுவழி விடாமல் சீறியது. மேலேயிருந்து வருவது ஜெயிக்கிறதா, ஜன்னலில் வருவது ஜெயிக்கிறதா? காற்று கண்ணுக்குத் தெரிகிற பொருளா என்ன?

"தாத்தாவுக்கு இப்ப மூச்சு வருமாப்பா?" என்று நறுமுகை கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டூலின் மேல், அகலுக்குப் பக்கத்தில், தீப்பெட்டி திறந்தே கிடந்தது.

அவன் அதையே பார்த்தான். பிறகு எடுத்தான். அவசரத்தில் குச்சிகள் தரையில் சிதறின. ஒன்றைப் பொறுக்கி, கட்டிலில் அப்பாவின் முகத்தருகே கொண்டுபோய்க் கிழித்தான். சீறியது. வெள்ளையாக வந்து செத்துப்போனது. பால் காய்ச்சிய அன்று பார்த்த அதே சாவு.

அப்படியென்றால் இங்கே இன்னும் முழுக்காற்று இல்லை.

கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் உதைத்து நீக்கினான். இழுத்தான். கண்ணாடித் துகள்மேல் சக்கரங்கள் நொறுநொறுவென்று ஏறின. தலைமாட்டை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தான். இன்னொரு குச்சி. அதுவும் போயிற்று. காற்று அடித்து அணைத்ததா, காற்று போதாமல் அணைந்ததா என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, குனிந்து, தீப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிழித்தான்.

மருந்து முனை சீறியது. மரத்துக்கு இறங்கியது. மஞ்சளாக நின்றது.

"பத்துதுப்பா!" என்றாள் நறுமுகை.

"அந்த அகலை எடு. மெல்ல. எண்ணெய் சிந்தாம."

அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தலைமாட்டுக்கு அருகே, ஜன்னல் சுவரின் மறைவில் தரையில் வைத்தாள். குச்சி விரல் வரைக்கும் எரிந்து வந்தது. அதைக் கீழே போடாமல் திரியில் வைத்தான். திரி பிடித்துக்கொண்டது.

"நோயாளர் அறையில் நெருப்பு மறுபடியும் கண்டறியப்பட்டது" என்றது சுவர். "அணைக்கும் முயற்சி தொடர்கிறது."

ஜன்னல் காற்று சுழன்று கீழே இறங்கி வந்தது. சுடர் சாய்ந்தது, படுத்தது, அணையப் பார்த்தது. தரணி இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றிக் குவித்தான். இவ்வளவு கிட்டத்தில் வெக்கையை உணர்ந்து எவ்வளவு காலமாயிற்று. கை எடு எடு என்றது. எடுக்கவில்லை. இது நிற்கிற வரைக்கும் இந்த இடத்தில் அவருக்கு மூச்சு இருக்கிறது. அதற்குமேல் அவனால் எதையும் யோசிக்க முடியவில்லை. சுடரைப் பார்த்தான், அப்பாவின் நெஞ்சைப் பார்த்தான், மறுபடி சுடரைப் பார்த்தான்.

வெளியே யாரோ கதவை இடித்தார்கள். "என்ன சார் பண்றீங்க? பில்டிங் மொத்தமும் வெளிக்காத்து எறங்குது சார்!" பல குரல்கள். தரையில் கிடந்த போனில் படியேறும் சத்தமும் சங்கவியின் இரைப்பும் கேட்டன. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது.

மாரப்பனின் நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறியது. இருமினார். நீளமான, கரகரத்த, அசிங்கமான இருமல். அவ்வளவு நல்ல சத்தத்தைத் தரணி கேட்டதில்லை. கண் பாதி திறந்தது. கூரையில் எதையோ தேடியது.

"பத்துச்சா?" உதடுதான் அசைந்தது.

"பத்துச்சுங்கப்பா."

"எவன்... எவன்டா வெச்சது?"

"நான்தானுங்க."

மாரப்பன் கழுத்தைத் திருப்ப முயன்றார். முடியவில்லை. ஓரக்கண்ணால் மகனின் குவிந்த கைகளையும் விரலிடுக்கில் கசிந்த வெளிச்சத்தையும் பார்த்தார்.

"கையை எடுடா. சுட்டுக்குவ."

அவன் எடுக்கவில்லை. அவர் மறுபடி கண்ணை மூடினார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. அடுத்தது வரத் தாமதமானது. தரணி சுடர்மேல் இன்னும் குனிந்தான். பக்கத்தில் நறுமுகையும் தன் சின்னக் கைகளைக் கொண்டுவந்து, அவன் விரல்களுக்கிடையே விட்டிருந்த இடுக்கை மூடினாள்.

"என்னங்க?" போனில் சங்கவி கூப்பிட்டாள். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "எட்டாவது மாடி... வந்துட்டேன்... மாமா எப்படி இருக்கறாரு? பேசுங்க... ஏதாச்சும் சொல்லுங்க!"

அவனால் பேச முடியவில்லை. பேசினால் மூச்சுப் பட்டு அணைந்துவிடும் என்று வாயை இறுக மூடியிருந்தான்.

சுவர்தான் சொன்னது, அதே நிதானமான குரலில்.

"நெருப்பு இன்னும் அணையவில்லை."

தரணி அசையாமல், அது அதையே இன்னொரு தடவை சொல்லக் காத்திருந்தான்.